அயலூரில் வைத்தியம்

பிறந்த ஊரில் நோய் வந்தால் எந்த வைத்தியரிடம் செல்வது என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. பாட்டனாருக்கு மருந்து கொடுத்தவரோ, அவருடைய மகனோ அடுத்த தெருவில் இருப்பார். அவருடைய கைராசியையும் குறையையும் ஊரே அறிந்திருக்கும். தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வந்து குடியேறிய நமக்கு அந்த வசதி கிடையாது. பெயர்ப் பலகையைப் பார்த்து உள்ளே நுழைகிறோம். பாதி தெரிந்த மொழியில் நோயைச் சொல்லி, பாதி புரிந்த விடையோடு வெளியே வருகிறோம். அந்த வைத்தியர் நம்மைச் சரிவரக் கவனித்தாரா என்பதை எதைக் கொண்டு தீர்மானிப்பது? அதுவே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில், தவறான அளவுகோல்களை ஒதுக்கிவிடுவோம். நோய் தீரவில்லை என்ற ஒன்றினாலேயே வைத்தியர் குற்றவாளி ஆகிவிடமாட்டார். உரிய கவனத்தோடு நடந்துகொண்ட வைத்தியரின் கணிப்பு பிழைத்துப்போனால், அதை மட்டும் கொண்டு அவர்மீது கவனக்குறைவுக் குற்றம் சாட்டலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் விளக்கியிருக்கிறது. நோய் தீர்ந்துவிட்டதும் நற்சான்று ஆகாது. சாதாரணச் சளி எந்த மருந்தும் இன்றியே தணிந்துவிடும். ஊசி போடுகிறவரே கெட்டிக்காரர் என்பதும் வெறும் நம்பிக்கைதான். வைத்தியர் தமிழ் பேசுகிறவராக இருந்தால் நமக்கு ஆறுதல் உண்டு. ஆனால் அந்த ஆறுதலைத் திறமையென்று எண்ணி மயங்குதல் கூடாது.

அப்படியானால் சரியான அளவுகோல் எது? கேட்டல், பார்த்தல், சொல்லுதல், எழுதுதல் என்னும் நான்கு செயல்களே. வைத்திய சாஸ்திரம் பயிலாத ஒருவரும் இவற்றைக் கண்ணால் கண்டு அறியலாம்.

கேட்டலை முதலில் எடுத்துக்கொள்வோம். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கு, ஒரு சொல் எத்தகைய தீங்கு விளைவிக்கக்கூடும் என்பது தெரியும். ‘மயக்கம்’ என்கிறோம். தலைசுற்றலும் மயக்கம்தான், நினைவு தப்பி விழுவதும் மயக்கம்தான். உடன் வந்த பையன் அதை இந்தியில் ‘சக்கர்’ என்று சொல்லிவிட்டால், வைத்தியருக்குத் தலைசுற்றல் மட்டுமே போய்ச் சேரும். நினைவு தப்பியதற்கு ‘பேஹோஷி’ என்று வேறு சொல் இருக்கிறது. நல்ல வைத்தியர் அந்த ஒரு சொல்லோடு நின்றுவிடமாட்டார். கீழே விழுந்தீர்களா, எவ்வளவு நேரம் நினைவில்லை, முன்பு எப்போதாவது நேர்ந்ததா, இப்போது என்ன மருந்து உண்கிறீர்கள், எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமற் போனதுண்டா என்றெல்லாம் துருவிக் கேட்பார். நோயாளி வாயைத் திறந்ததுமே மருந்துச் சீட்டை எழுதத் தொடங்குகிறவரிடம் நாம் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.

அடுத்தது பார்த்தல். நாம் அறிந்த குடும்பம் ஒன்றில் தலைவருக்கு இருமல் கண்டது. தில்லியில் வீட்டருகே இருந்த வைத்தியர் ஒருவர் வாரந்தோறும் ஓர் ஊசியும் ஒரு புட்டி மருந்தும் கொடுத்து வந்தார். இப்படியே மூன்று மாதங்கள் கழிந்தன. உடம்பு இளைத்தது, மாலை வேளைகளில் காய்ச்சலும் வந்தது. ஒருநாளாவது சளியைப் பரிசோதிக்கச் சொல்லவில்லை. பிறகு அரசாங்க ஆஸ்பத்திரியில் காசநோய் என்று கண்டுபிடித்தார்கள். அதற்குள் வீட்டிலிருந்த குழந்தைக்கும் அது தொற்றிவிட்டிருந்தது. இருவரும் பிழைத்தார்கள் என்றாலும், அந்த மூன்று மாதங்களை யார் திருப்பித் தருவார்? இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய் உண்டா என்று சோதித்தல் வேண்டும் என்பது நம் நாட்டில் விதியாக இருக்கிறது. அரசாங்க நிலையங்களில் சோதனையும் மருந்தும் இலவசம். எந்த நோயாயினும், கொடுத்த மருந்து பலிக்காதபோது காரணத்தைத் தேடாமல் அதே மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுப்பது நல்ல கவனிப்பு ஆகாது.

மூன்றாவது, சொல்லுதல். நோய் இன்னதென்றும், மருந்து எதற்காக, எத்தனை நாள் உண்ணவேண்டும் என்றும், எந்த அறிகுறி கண்டால் உடனே திரும்பி வரவேண்டும் என்றும் வைத்தியர் சொல்லியாக வேண்டும். ஒரு பரிசோதனைக்குப் பெற்ற சம்மதம் அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது. ஆதலால், படிக்கத் தெரியாத மொழியில் அச்சிட்ட தாளில் கையொப்பம் கேட்டால், அவசரமில்லாத வேளையில், பொருளை விளக்கச் சொல்லிக் கேட்பது மரியாதைக் குறைவன்று. இன்னொருவருடைய அபிப்பிராயமும் பெறலாமா என்று கேட்டதும் சீறுகிறவரைவிட, ‘இது என் அனுபவத்திற்கு அப்பாற்பட்டது’ என்று உரிய இடத்திற்கு அனுப்பி வைக்கிறவரே நம்பத்தக்கவர்.

நான்காவது, எழுதுதல். உத்தியோக மாற்றத்தால் ஊர்விட்டு ஊர் போகிற நமக்கு இது இன்றியமையாதது. வைத்தியர் தம் பதிவு எண்ணை மருந்துச் சீட்டில் குறிப்பிட வேண்டும் என்றும், சிகிச்சைக் குறிப்புகளை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்திற்குள் கொடுக்க வேண்டும் என்றும் 2002-ஆம் ஆண்டின் ஒழுங்கு விதிகள் கூறுகின்றன. தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டில், அலோபதி வைத்தியரின் பெயரை எவரும் இணையத்தின் வழியே தேடிப் பார்க்கலாம். பெயர் தெரியாத மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்து, சீட்டு எழுத மறுக்கிறவரிடம் மறுபடியும் போகாதிருப்பதே நன்று.

குறை கண்டால் என்ன செய்வது? சண்டையிடுதல் வேண்டாம். ஒருமுறை பணிவாகக் கேட்டுப் பார்க்கலாம். பயனில்லையெனில், காகிதங்களைப் பெற்றுக்கொண்டு வேறு வைத்தியரிடம் செல்லலாம். அதுவரை உண்டுவந்த மருந்தைத் தாமாகவே திடீரென்று நிறுத்துதல் ஆபத்து. உண்மையாகவே தீங்கு நேர்ந்திருந்தால் மாநில மருத்துவ கவுன்சிலுக்கு எழுதலாம். கட்டணம் பெற்றுச் செய்யும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்திற்கு உட்பட்டது என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறிற்று. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுத்தல் வேண்டும். ஆனால் உயிருக்கு ஆபத்தான வேளை இந்த ஆராய்ச்சிக்கு உரியதன்று. அப்போது அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்கு விரைவதே கடமை.

நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து உதவுகிறவர் என்று வைத்தியத்தை நான்கு கூறாக வகுத்தார் வள்ளுவர். அயலூரில் அந்த நான்காமவர் பெரும்பாலும் அடுத்த வீட்டுக்காரர்தான். ஆகையால், மொழி நன்கு தெரிந்த நேயர்கள், புதிதாக வந்த தமிழ்க் குடும்பத்தார் வைத்தியரிடம் போகும்போது ஒருமணி நேரம் உடன் சென்று வாருங்கள். நோயாளி சொல்வதை ஒரு சொல்லும் குறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். வைத்தியர் சொல்வதையும் அப்படியே நோயாளியிடம் சொல்லி, அதைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.