வரிப்பணம் திரும்ப வருகிறது என்னும் பொய் மடல்



அரசாங்க முத்திரையும் ஆங்கில வாசகமும் தாங்கி ஒரு கடிதம் வந்தால், அதை ஐயுறும் துணிவு நம் தெருக்களில் நெடுங்காலம் இருந்ததில்லை. மாதச் சம்பளம் பெறும் முதல் தலைமுறையினர் நம்மிடையே பலர். மயிலாப்பூர் வங்கிகளிலும், தியாகராய நகர்க் கடைகளிலும், அடையாற்று அலுவலகங்களிலும் பணிபுரியும் அவர்களிடம் இன்னும் எஞ்சியுள்ள அந்த அச்சமே மோசக்காரர்களுக்கு முதலாகிறது.

2023ஆம் ஆண்டில் ஒரு செய்தி நாடெங்கும் பரவிற்று. ரூ.15,490 வரித்தொகையைத் திருப்பித்தர ஒப்புதல் கிடைத்திருப்பதாகவும், வங்கிக் கணக்கு எண் தவறாயின் கீழ்க்காணும் இணைப்பில் திருத்துமாறும் அது கூறிற்று. மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் அதனைப் பொய்யென அறிவித்தது. தொகையின் நுட்பத்தைக் கவனியுங்கள்! ஓர் இலட்சம் என்றால் ஐயம் பிறக்கும். 15,490 என்றாலோ, கணக்கர் ஒருவர் கூட்டிக் கழித்துக் கண்டதுபோல் தோன்றுகிறது.

உண்மை நடைமுறை யாது? சம்பளத்திலோ வைப்புத்தொகை வட்டியிலோ மிகுதியாகப் பிடித்த வரியைத் திரும்பப் பெற, நாம்தான் முதலில் வருமானக் கணக்கைத் தாக்கல் செய்கிறோம். வங்கிக் கணக்கையும் அதிலேயே குறிப்பிட்டு, துறையின் இணையதளத்தில் சரிபார்த்துவிடுகிறோம். பணம் நேரே அக்கணக்கில் சேரும். அட்டை எண்ணையோ கடவுச்சொல்லையோ மின்னஞ்சலில் கேட்பதில்லை என்று வருமானவரித் துறையே அறிவித்துள்ளது. கணக்கில் மெய்யாகவே பிழை இருப்பினும், மடலிலுள்ள இணைப்பைத் தொடாது, நாமே தளத்தினுள் சென்று திருத்தலாம். அத்தளத்தின் பெயர் 'ஜி.ஓ.வி. டாட் இன்' என்று முடியும். பெயரின் முற்பகுதியில் வருமானவரி என்று எவரும் எழுதிக்கொள்ளலாம். அனுப்புநர் பெயரையும் அவ்வாறே புனையலாம்.

2019 அக்டோபர் முதல் துறையின் கடிதங்களுக்கு ஆவண அடையாள எண் இடப்படுகிறது. அது மெய்யானதா என்பதையும் அத்தளத்திலேயே காணலாம். கணக்குத் தாக்கல் செய்துதருவோரிடம் கடவுச்சொல்லையும் சேர்த்தே ஒப்படைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அது தனியே பேசத்தக்கது.

பணம் பறிபோனபின் வெட்கத்தால் வாய்மூடி இருப்பதுதான் பெருங்கேடு. படித்தவன் ஏமாந்தான் என்று ஊர் சிரிக்குமே என எண்ணிக் கழியும் ஒவ்வொரு மணியிலும் பணம் கணக்குவிட்டுக் கணக்கு மாறுகிறது. உடனே வங்கிக்கும், 1930 என்னும் தொலைபேசி எண்ணுக்கும் தெரிவித்தால், இடைவழியில் அதனை நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பாயினும், வங்கிக்குத் தெரிவித்த பின்னர் நேரும் இழப்பை வங்கியே ஏற்கவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017இல் வகுத்தது.