வீட்டு முற்றத்தில் ஒரு நெய்தற் குளம்



நிலத்தை ஐந்தாகப் பகுத்த பழந்தமிழ்ச் சான்றோர், கடலும் கடல்சார்ந்த இடமுமாகிய பகுதிக்கு ஒரு நீர்ப்பூவின் பெயரையே இட்டனர். அதுவே நெய்தல். திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்து வாழும் நாம் எல்லோரும் அந்நிலத்து மக்களே. எனினும் நம் இல்லங்களில் குரோட்டன் செடிக்கும் காகிதப்பூவுக்கும் கிடைக்கும் இடம் நெய்தலுக்குக் கிடைப்பதில்லை. குளத்தில் வளர வேண்டிய செடி வீட்டில் எவ்வாறு வளரும் என்னும் ஐயமே இதற்குக் காரணம். அவ்வையத்தை நீக்குவதும், அதனோடு சேர்ந்த ஒரு பொறுப்பை நினைவூட்டுவதும் இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

முதலில் செடியை அறிந்துகொள்வோம். அல்லியினத்துள் பகலில் மலர்வனவும் உண்டு. இரவில் மலர்வனவும் உண்டு. வெள்ளையாகவும் செந்நிறமாகவும் பூக்கும் ஆம்பல், மாலைக்குப் பின் விரிந்து, மறுநாள் முற்பகலிற் குவியும். வெளிறிய நீல நிறமுடைய நெய்தல் காலையில் விரிந்து பிற்பகலிற் குவியும். இதனையே சிங்கள மக்கள் நீல் மானெல் என்பர். 1986ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் இது இலங்கையின் தேசிய மலராக அறிவிக்கப்பெற்றது.

இங்கே ஒரு வியப்பான செய்தியைக் கூற வேண்டும். தேசிய மலர் என்று நெடுங்காலமாகப் படங்களிற் காட்டப்பட்டு வந்தது இந்த நெய்தல் அன்று. தோட்டங்களுக்கென வெளிநாட்டிலிருந்து வந்த, அடர்ந்த ஊதா நிறமுடைய ஒரு கலப்பினமே அந்த இடத்தைப் பிடித்திருந்தது. தாவரவியலாளர் ஆராய்ந்து உண்மையை எடுத்துரைத்த பின்னர், 2015ஆம் ஆண்டிலே படம் திருத்தப்பட்டது. வந்த செடி பெரிய பூவும் மிகுதியான இதழ்களும் உடையது, கண்ணைப் பறிப்பது. நம்முடைய செடியோ சிறிய பூவும் குறைந்த இதழ்களும் உடையது. பகட்டானது முன்னே நிற்க, உரியது பின்னே ஒதுங்கிவிட்டது. அந்த ஊதாச் செடி தோட்டத்தோடும் நிற்கவில்லை; இயற்கையான நீர்நிலைகளிலும் புகுந்து பரவியுள்ளது.

ஆதலின், நீங்கள் வளர்க்கப் போவது நம் குளத்து நெய்தலாகவே இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அயலிலுள்ள குளத்தில் அது மிகுதியாக இருக்குமாயின், உரியவரிடம் கேட்டு ஒரு கிழங்கை மட்டும் எடுத்து வாருங்கள். கூட்டத்தோடு பறிப்பது தகாது.

இனி வளர்க்கும் முறைக்கு வருவோம். வாய் இரண்டரை அடி அகலமும், ஒன்றரை அடி ஆழமும் உள்ள எந்தத் தொட்டியும் போதும். கிணறு கட்டும் சீமெந்து வளையம் ஒன்றை அடி மூடிப் பூசினால் நல்ல தொட்டி கிடைத்துவிடும். ஆனால் புதுச் சீமெந்திலிருந்து சுண்ணாம்பு கசியும். அது செடிக்கும் மீனுக்கும் கேடு. இரண்டு மூன்று வாரம் நீர் நிரப்பி, இடையிடையே மாற்றிய பின்னரே செடியை வைத்தல் வேண்டும். நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். மாமர நிழலில் இலை வரும், பூ வராது.

மண் களிமண்ணாக இருத்தல் நன்று. தம்பலகாமத்து வயற்சேறு போன்ற கனத்த மண் மிகப் பொருத்தமானது. பூஞ்சாடிக்கு இடுவது போல இலைக்குப்பையையும் பச்சைச் சாணத்தையும் கலக்கக் கூடாது. அவை நீருக்கடியில் அழுகி நாற்றம் பிறப்பிக்கும். அகன்ற சட்டியொன்றில் மண்ணை இட்டுக் கிழங்கை நட்டு, அதன் குருத்து மண்ணுக்குமேல் தெரியுமாறு விடுங்கள். மேலே ஓரங்குல உயரத்துக்கு ஆற்றுமணலைப் பரப்பினால் சேறு கலங்காது. உரம் வேண்டுமாயின், எலும்புத் தூள் சிறிதைக் களிமண் உருண்டைக்குள் பொதிந்து வேரருகே அழுத்திவிடலாம். உரம் மிகுந்தால் பாசி படர்ந்து நீர் பச்சையாகிவிடும்.

தொடக்கத்தில் குருத்துக்கு மேல் அரையடி நீர் போதும். இலைகள் உயர உயர நீரையும் உயர்த்தலாம். நீரின் அளவுக்கேற்ப மலர்த்தண்டு நீளும் என்பது வள்ளுவர் காலத்திலேயே நம்மவர் கண்டறிந்த உண்மையன்றோ? மற்றைச் செடிகளின் இலைகள் பெரும்பாலும் கீழ்ப்புறத்தாற் காற்றை வாங்குகின்றன. நெய்தலின் இலையோ நீரிற் படுத்திருப்பதால், மேற்புறத்தில் உள்ள நுண்டுளைகளால் காற்றை வாங்கி, தண்டிலுள்ள குழாய்கள் வழியாகச் சேற்றிலுள்ள கிழங்குக்கு அனுப்புகிறது. ஒரு தண்டைக் குறுக்கே வெட்டிப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பாடநூலின் பல பக்கங்கள் விளக்காததை அது விளக்கிவிடும்.

நம் பகுதிக்கே உரிய இரண்டு இடையூறுகள் உள. ஒன்று உவர். உப்புவெளி, நிலாவெளி போன்ற கரையோர ஊர்களிற் சில கிணறுகளின் நீர் கோடையில் உவர்த்துவிடும். பெயரிலே நெய்தல் கடற்கரைக்குரியதாயினும், செடி விரும்புவது நன்னீரையே. மாரிக் காலத்து மழைநீரைச் சேமித்து வைத்துப் பயன்படுத்துவது நலம். மற்றொன்று கச்சான் காற்று. அது வீசும் மாதங்களில் நான்கைந்து நாளில் ஓரங்குல நீர் ஆவியாகிவிடக்கூடும். குறையும் நீரை அடிக்கடி சிறிது சிறிதாக நிரப்புதல் வேண்டும்.

இப்பொழுது எல்லாவற்றிலும் முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாயினர். அவ்வாண்டின் முற்பகுதியிலே நம் அயலூராகிய கிண்ணியா பட்ட துயரத்தை எவரும் மறந்திரார். தேங்கிய நீரை வீட்டில் வைத்திருக்கும் ஒருவர், அது அழகுக்காகத்தான் என்று கூறித் தப்பிவிட முடியாது. நுளம்பு பெருக இடமளிப்பதைத் தடுக்க 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டமும் உண்டு.

டெங்கு நுளம்பு தன் முட்டைகளை நீரின் நடுவே இடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான தொட்டிச் சுவரில் ஒட்டிவைக்கின்றது. அவை பல மாதம் உலர்ந்து கிடந்தாலும் சாவதில்லை. நீர் வற்றிய தொட்டியை நாம் நிரப்பும்போது முட்டைகள் நனைந்து பொரிக்கின்றன. ஏறக்குறைய ஒரு வாரத்தில் நுளம்பு பறக்கின்றது. ஆகையால் வாரத்துக்கு ஒருமுறை தொட்டியின் உட்சுவரை நீர்மட்டத்தைச் சுற்றித் தூரிகையால் நன்கு தேய்த்துக் கழுவுதல் இன்றியமையாதது. நான்கைந்து கப்பி மீன்களை விட்டால் அவை புழுக்களை உண்ணும். பழுத்த இலைகளையும் வாடிய பூக்களையும் அகற்றிவிடுங்கள். இலைகள் நீர்ப்பரப்பில் பாதிக்குமேல் அடர்ந்தால் கழித்துவிடுங்கள். மீனுக்கு எட்டாத மூலை இருத்தலாகாது. வெளியூர் செல்வதானால் அயலவர் ஒருவரிடம் பொறுப்பை ஒப்படையுங்கள். இவ்வளவும் செய்ய இயலாதவர் தொட்டி வையாதிருப்பதே நன்று. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் வாய்க்கு வலையிடவும் மறக்கலாகாது.

மற்றுமொரு வேண்டுகோள். தொட்டியிற் பெருகியதைக் குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். சல்வீனியா என்னும் நீர்ப்பூண்டு 1939ஆம் ஆண்டில் கல்வித் தேவைக்காக இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. பின்னர் அது வயலையும் குளத்தையும் மூடி உழவரை வருத்தியது. அழகுக்காக வந்த ஆகாயத்தாமரையைக் கட்டுப்படுத்த 1909ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. பிரான்சு நாட்டு ஓவியர் மொனே 1893ஆம் ஆண்டில் சிவேர்னி என்னும் ஊரில் அல்லித் தடாகம் அமைக்க முற்பட்டபோது, அந்நியச் செடிகள் தங்கள் ஓடைநீரைக் கெடுத்துவிடும் என்று ஊரார் எதிர்த்தனர். அத்தடாகத்தை அவர் வரைந்த ஓவியங்களை உலகம் போற்றுகின்றது. ஆயினும் அவ்வூர் உழவர் எழுப்பிய கேள்வியை அறியாமை என்று தள்ளிவிடுவதற்கில்லை. கப்பி மீனும் நம் நாட்டதன்று. அதுவும் தொட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

நம் மாவட்டத்தின் வரலாற்று மரபில் குளக்கோட்டன் என்னும் பெயர் நிலைத்திருக்கின்றது. குளமும் கோட்டமும் அமைத்தவன் என்று அப்பெயருக்குப் பொருள் கூறுவர். கந்தளாய்க் குளத்தையும் கோணேசர் கோயிலையும் அவனோடு இணைத்துப் பேசுவர். குளத்தை வெட்டுவதோடு பணி முடிவதில்லை. அணையைக் காப்பதும், தூர் எடுப்பதும், பிறர்க்குத் தீங்கு வராமற் பார்ப்பதும் அதனைச் சேர்ந்தவை. நம் முற்றத்துத் தொட்டியும் ஒரு சிறு குளமே. அதற்கும் அந்தக் கடமைகள் உண்டு.

அவற்றை ஏற்றுக்கொள்வோருக்கு நெய்தல் தாராளமாகவே கைம்மாறு செய்யும். ஒரு பூ மூன்று நான்கு நாள் காலைதோறும் விரியும். பின்னர் காம்பு வளைந்து நீருக்குள் மறையும். அங்கே காய் முதிரும். முதிர்ந்த விதைகள் சிலபொழுது நீர்மேல் மிதந்து, பின் சேற்றில் ஆழ்ந்து புதுச் செடியாகும். பள்ளிக்குப் புறப்படும் பிள்ளை தொட்டியருகே ஒரு கணம் நின்று, இன்று எத்தனை பூ என்று எண்ணிச் செல்லும் வீடுகள் நம் மாவட்டத்திற் பெருகட்டும்.