நீக்குமுன் அறிக

கணிப்பொறியின் நினைவகம், வட்டு, வலைத்தொடர்பு ஆகிய அனைத்தையும் ஆளும் உள்நிரலைக் கெர்னல் என்பர். 1969ஆம் ஆண்டில் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் தொடங்கிய யூனிக்ஸ் மரபில், 1993இல் வெளிவந்தது ஃப்ரீபிஎஸ்டி. அதன் மூலநிரல் எவரும் படித்துத் திருத்தக் கூடியது.

அதில் 'ஜெனரிக்' என்றொரு கோப்பு உண்டு. பலவகைப் பொறிகளிலும் இயங்க வேண்டும் என்பதற்காகப் பற்பல சாதனங்களின் இயக்கிகள் அதிலே வரிவரியாகக் குறிக்கப்பட்டிருக்கும். அதனைப் படியெடுத்துப் புதுப்பெயரிட்டு, நம் பொறிக்கு வேண்டாதவற்றை நீக்கி, அப்பெயரைச் சுட்டி 'மேக் பில்டுகெர்னல்' என்று ஆணையிட்டால் நமக்கேற்ற கெர்னல் உருவாகும். 'மேக் இன்ஸ்டால்கெர்னல்' என்னும் ஆணை அதனை நிறுவும்.

நான் முதன்முறை முயன்றபோது, பொருள் விளங்காத வரிகளையெல்லாம் நீக்கினேன். அவற்றுள் ஒன்று வட்டின் இயக்கி! பொறி விழித்தது, தன் கோப்புகள் இருக்குமிடம் அறியாது திகைத்து நின்றது. என்னைக் காத்தது எது? நிறுவும்போது பழைய கெர்னல் அழிக்கப்படுவதில்லை, 'கெர்னல்.ஓல்டு' என்ற பெயரில் வைக்கப்படுகிறது. தொடக்கப் பட்டியலில் அதனைத் தேர்ந்ததும் பொறி மீண்டும் இயங்கியது.

'எனக்கு விளங்காதது, ஆகவே வேண்டாதது' என்னும் எண்ணத்தை வகுப்பறையில் பலகாலும் கண்டித்தவன் நான். அன்று நானே அதற்கு ஆளானேன். ஆதலின், ஒரு வரியை நீக்குமுன் அதன் பொருளை அறியுங்கள். நன்கு இயங்கிய கெர்னலின் படியொன்றைத் தனியே வைத்த பின்னரே புதியதைச் சோதியுங்கள். அஞ்சாது முயலுவதற்கு அதுவே துணை.