ஆச்சி சலித்த மணல்



1961-இல் தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தபோது எங்கள் ஆச்சி சிறுமி. சிப்பியை அழுகவிட்டுக் கழுவி, கண்ணில் பட்ட முத்தையெல்லாம் எடுத்த பிறகும் அடியில் மணல் தங்கும். அதை உலர்த்திப் பரப்பி, பெண்களும் பிள்ளைகளும் திரும்பத் திரும்பத் துழாவுவார்களாம். அதிலும் தூள் முத்து கிடைக்கும். "கொட்டப் போற மணலத்தான் ரெண்டு தரம் பாக்கணும்" என்பாள் ஆச்சி.

எடுத்த முத்தைப் பிரிக்கப் பத்துச் சல்லடைகள் இருந்தன. முதல் சல்லடையில் 20 கண். 30, 50, 80, 100 என்று ஏறி, கடைசியில் 1000 கண். ஆனால் சல்லடை சொல்வது பருமனை மட்டுமே. ஆணி, அனதாரி, குறுவல் என்ற தரங்களில் எது என்று சொல்ல, உருட்சியும் ஒளியும் அறிந்த ஆள் வேண்டும்.

கணினியில் நான் செய்துவருவதும் சலிக்கிற வேலைதான். வேண்டாத மின்னஞ்சலை, ஸ்பேமை, பிரித்தெடுப்பது. இந்தத் துறையில் நான் பெரிதும் மதிக்கும் ஆய்வு 1998-இல் வந்தது. மெஹ்ரான் சஹாமி அப்போது ஸ்டான்ஃபோர்டில் ஆராய்ச்சி மாணவர். ஏறக்குறைய இன்று பட்டம் பெறும் உங்களைப் போல. சூசன் டுமாய்ஸ், டேவிட் ஹெக்கர்மன், எரிக் ஹார்விட்ஸ் ஆகியோரோடு சேர்ந்து அதைச் செய்தார். அவர்களிடம் இருந்தவை 1789 கடிதங்கள்: 1578 குப்பை, 211 நல்லவை. 1538-ஐக் கணினிக்குப் பாடமாகக் கொடுத்து, மீதி 251-ஐத் தேர்வுக்கு வைத்தார்கள். எந்தச் சொல் எந்தப் பக்கம் அதிகம் வருகிறது என்று கணினியே எண்ணிப் பார்த்து, பேய்ஸின் நிகழ்தகவு விதிப்படி ஒவ்வொரு கடிதத்தையும் எடைபோட்டது. சொல்லோடு நிற்கவில்லை. கல்வி நிறுவன முகவரியிலிருந்து வந்ததா, இரவில் வந்ததா, கூடவே கோப்பு இணைந்திருக்கிறதா, ஆச்சரியக்குறி போன்றவை குவிந்து கிடக்கின்றனவா என்றும் பார்த்தார்கள்.

அந்தக் கட்டுரையில் நான் அடிக்கடி திரும்பிப் போகும் இடம் ஓர் எண். குப்பை என்பது 99.9 சதவீதத்துக்கு மேல் உறுதிப்பட்டால்தான் குப்பை. தப்பி வந்த குப்பையை ஒரு நொடியில் அழித்துவிடலாம். தவறி ஒதுக்கப்பட்ட நல்ல கடிதமோ, வந்ததே நமக்குத் தெரியாது. அந்த 99.9-ஐக் கணினி கண்டுபிடிக்கவில்லை. எந்தத் தவறு அதிகம் வலிக்கும் என்று யோசித்த மனிதர்கள் வைத்தார்கள்.

 

அந்த வலி எனக்குப் புரிந்தது 2023 டிசம்பர் 17, 18-இல். தூத்துக்குடி மாவட்டத்தை மூழ்கடித்த அந்த மழையை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. "மொட்டை மாடியில் இருக்கிறோம், கைக்குழந்தைக்குப் பால் இல்லை, படகு அனுப்புங்கள்!!!" என்ற மாதிரிச் செய்திகள் முன்பின் தெரியாத எண்களிலிருந்து எனக்கும் வந்தன. ஒரே வாசகம், நூறு பேருக்கு, நள்ளிரவில். ஸ்பேமுக்கு அடையாளம் என்று நாங்கள் கணினிக்குச் சொல்லிக்கொடுக்கும் அத்தனையும் அதில் இருந்தன. "இன்றிரவு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும்" என்று பணம் பறிக்க வரும் மோசடிச் செய்தியோ, அமைதியாக, அரசு அலுவலகத் தோரணையில் வருகிறது. அன்று இரவு முதல் என் வேலையை நான் பார்க்கும் விதம் மாறிவிட்டது.

உதவி கேட்கும் குரலையும் மோசடியையும் பிரிக்கத் தெரிந்தவர்கள் இந்தக் கரையில் இருப்பவர்கள். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டும் நம் பழக்கமும், திரேஸ்புரம் மீனவர் பேச்சும், கடல் சொற்களும் வெளியூரில் பயிற்றப்பட்ட எந்திரத்துக்கு விளங்காத சத்தம்.

தெரிந்தவர்கள் கூடிச் சலிப்பது புதிதல்ல. சஹாமியின் கட்டுரை வந்த அதே 1998-இல் நம் நாட்டுக்காரர் விபுல் வேத் பிரகாஷ் ரேசர் என்ற கருவியை எழுதினார். ஒருவர் குப்பை என்று காட்டிய கடிதத்தின் சுருக்கக் குறி எல்லாருக்கும் பகிரப்படும். அடுத்தவரிடம் அது வரும்போதே தடுத்துவிடலாம். பொய்யாகக் காட்டுபவர்களும் இருப்பார்களே? அதனால் பின்னால் வந்த பதிப்பில், சொல்பவரின் நம்பகத்தையும் கணக்கிட்டு, தவறாகச் சொன்னவரின் மதிப்பைக் குறைத்தார்கள்.  அன்று விபுல் நம்பியது ஊர் கூடிச் சலித்தலை.

நாமும் அப்படிக் கூடிச் சலிக்க, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்த வெள்ள நாட்களில் வந்த செய்திகள் உங்கள் போனில், அம்மாவின் போனில், தெரு வாட்ஸாப் குழுவில் இன்னும் இருக்கும். அழித்துவிடாதீர்கள். அனுப்பியவரிடம் அனுமதி கேளுங்கள். பெயரையும் எண்ணையும் நீக்குங்கள். எது உண்மை, எது வதந்தி, எது மோசடி என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் குறியுங்கள். ஒன்றுக்கு இரண்டு பேர் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். அடுத்த மழைக்காலத்துக்கு முன் அதை வைத்து ஒரு வடிகட்டி செய்வோம். நான் இந்த வாரம் முழுக்க ஊரில்தான் இருக்கிறேன்.