நடனமும் நெஞ்சின் பாரமும்



தோமஸ் காட்டர் இயக்கி 2001ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சேவ் த லாஸ்ட் டான்ஸ்’ என்னும் அமெரிக்கத் திரைப்படம், தேர்வில் தவறிய இளையோரைப் பற்றிச் சிந்திக்கத் தூண்டுவது.

பாலே நடனத்தில் ஆர்வம் கொண்ட சேரா என்னும் மாணவி, நியூயோர்க்கின் புகழ்பெற்ற ஜூலியார்ட் கலைக்கல்லூரிக்கான தேர்வில் தவறுகிறாள். அவளது ஆட்டத்தைக் காண விரைந்த தாயோ வீதி விபத்தில் உயிரிழக்கிறாள். தன் ஆசையே தாயைக் கொன்றது என்றெண்ணிய மகள் நடனத்தையே துறந்து, சிக்காகோவிலுள்ள தந்தையிடம் சேர்கிறாள்.

அங்கே கறுப்பின மாணவர் மிகுந்த பாடசாலையிலே, மருத்துவனாக விழையும் டெரெக் அவளுக்கு ‘ஹிப் ஹொப்’ ஆட்டம் பயிற்றுகிறான். நட்பு காதலாக மலர்கிறது. இன வேற்றுமை குறுக்கே நிற்கிறது. அவள் தன் துயரை அவனிடம் கூறுகிறாள். அவன் ஊக்கத்தால் மீண்டும் தேர்வுக்குச் சென்று, இடையில் தடுமாறியும், புதிதாகக் கற்ற ஆட்டத்தையும் சேர்த்தாடித் தேர்வு பெறுகிறாள்.

பாலேப் பயிற்சியில் அவளுக்குக் குறைவில்லை, நெஞ்சிலே பாரமிருந்தது. தவறிய பிள்ளையிடம் ‘இன்னும் முயல்க’ என்று கூறுமுன், அப்பிள்ளை சுமக்கும் பாரம் யாதெனக் கேட்டறிதல் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் கடனாகும்.