விளக்கின் பின்னால் மறைந்திருந்த பெயர்

(யேர்மனியில் தமிழ்ப் பெற்றோர், இளையோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)

 

இந்நாட்டின் பழம்பொருட் சந்தைகளில் வண்ணக் கண்ணாடித் துண்டுகளால் ஆன மேசைவிளக்குகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். தும்பியும் மலர்க்கொத்தும் ஒளிரும் அவற்றை இங்கு எல்லோரும் 'டிபானி விளக்கு' என்றே அழைப்பர். அது அமெரிக்கரான லூயிஸ் கம்போட் டிபானியின் பெயர். ஆனால், அவரது நிறுவனத்தின் புகழ்பெற்ற விளக்குகள் பலவற்றை வடிவமைத்தவர் கிளாரா டிறிஸ்கோல் என்னும் பெண்மணி.

1861இல் ஒகையோ மாநிலத்தில் பிறந்த அவர், நியூயோர்க்கில் அந்நிறுவனத்தின் மகளிர் கண்ணாடி வெட்டும் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். வரைபடத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் ஏற்ற நிறக் கண்ணாடியைத் தெரிந்து வெட்டி, விளிம்பில் மெல்லிய செப்புத் தாளைச் சுற்றுவது அப்பெண்களின் பணி. பின்னர் அத்துண்டுகள் பற்றாசு கொண்டு இணைக்கப்படும். கிளாராவின் 'விஸ்டீரியா' மலர் விளக்கில் ஏறத்தாழ 2000 துண்டுகள் உள்ளன. அவரது தும்பி விளக்கு 1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் பரிசு பெற்றது.

மணமான பெண்களுக்கு அங்கு வேலை இல்லை. 1889இல் மணம் முடித்ததும் கிளாரா விலக நேர்ந்தது. கணவர் இறந்த பின்னரே மீண்டார். 1903இல் ஆண் தொழிலாளர் சங்கத்தின் எதிர்ப்பால் மகளிர் பிரிவு 27 பேருடன் மட்டுப்படுத்தப்பட்டது.

யேர்மனியிலும் இதற்கொப்பான வரலாறு உண்டு. கெம்னிற்ஸ் நகரில் பிறந்த மரியான பிரான்ட், 1924இல் பௌகவுஸ் கலைக்கல்லூரியின் உலோகப் பட்டறையில் சேர்ந்தார். தொடக்கத்தில் சலிப்பூட்டும் வேலைகளையே ஆண்கள் அவருக்கு ஒதுக்கினர். 1928இல் அவரே அப்பட்டறையின் பொறுப்பை ஏற்றார். அவர் பங்கேற்று வடிவமைத்த மேசைவிளக்கு, 'கான்டெம்' என்ற வணிகப் பெயரிலேயே வீடுகளைச் சென்றடைந்தது.

கிளாராவின் பங்கு எவ்வாறு வெளிவந்தது? அவர் தம் தாய்க்கும் சகோதரிகளுக்கும் எழுதிய கடிதங்களை அக்குடும்பம் பேணி வைத்திருந்தது. 2005 அளவில் ஆய்வாளர் கண்ணில் அவை பட்டன. 2007இல் நியூயோர்க் வரலாற்றுக் கழகம் அவரது பெயரிலேயே கண்காட்சி நடத்தியது. அவர் மறைந்து 60 ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன.

அன்பர்களே, தையல் வேலை செய்து என்னைப் பொறியியல் படிக்கவைத்தவர் என் தாயார். நான் இங்கு வந்தபின் அவர் எழுதிய கடிதங்களை, வீடு மாறியபோது தேவையற்ற காகிதம் என எண்ணி எறிந்துவிட்டேன். அவரது உழைப்புக்கு இருந்த ஒரே சான்று அதுவே.

பெற்றோர்களே, உங்கள் வீட்டிலுள்ள பழைய விமானத் தபால்களை எறியாதீர்கள். இளையோரே, அவற்றைப் படித்துக் கேளுங்கள். படியெடுத்து, எழுதியவர் பெயரையும் ஆண்டையும் குறித்து வையுங்கள். அவற்றைப் படிக்கவேனும் தமிழ் கற்றுக்கொள்ளுங்கள். நம் தாய்மாரின் பெயர்களைக் காக்கவேண்டியவர்கள் நாமே.