முயல் ஒரு வேளை சாப்பிடலைன்னா, காலை வரை காத்திருக்காதீங்க

(ஏற்காட்டில் செல்லப்பிராணி வளர்ப்போருடன் நடந்த சந்திப்பில் நமது மின்னிதழின் உள்ளடக்க எழுத்தாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் கால்நடை மருத்துவர் இல்லை, இதழியல் படிச்சவள். அரசுச் சேவைகளைப் பற்றி எழுதுவது என் வேலை. ஆனா இன்னைக்கு ஒரு முயலை இழந்தவளா, இன்னொரு முயலைக் காப்பாத்தின குடும்பத்தில் ஒருத்தியா பேச வந்திருக்கேன்.

எங்க வீடு இந்த மலையில்தான். அப்பா காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதுறவர். பிளஸ் டூ படிக்கும்போது கீழே ஒரு கடையில் வெள்ளை முயல் ஒண்ணு வாங்கினோம். பேரு பஞ்சு. கேரட்டும் பெல்லட்டும் போட்டா போதும்னு கடைக்காரர் சொன்னார். நாங்க அதோட முட்டைக்கோஸ், பிஸ்கட் எல்லாம் பாசமா கொடுத்தோம். புல் மட்டும் கொடுக்கலை. சுத்தி மலை முழுக்க புல் இருந்தும், அதுதான் அதோட சாப்பாடுன்னு எங்களுக்குத் தோணவே இல்லை.

டிசம்பர் மாதம் பஞ்சுவுக்கு முடி கொத்துக் கொத்தா கொட்ட ஆரம்பிச்சது. ஒரு சாயங்காலம் கேரட்டைக்கூட முகர்ந்துட்டு விட்டுடுச்சு. மூலையில் உடம்பைக் குறுக்கிக்கிட்டு உட்கார்ந்திருந்தது. பனி காலம், குளிருதுபோலன்னு நினைச்சோம். மருந்துக்கடையில் மனிதர்களுக்கான ஒரு வயிற்று மாத்திரை வாங்கி, பாதி பொடிச்சுக் கொடுத்தோம். காலையில் பார்த்துக்கலாம்னு படுத்தோம். காலையில் பஞ்சு இல்லை.

அதுக்கப்புறம்தான் ஒரு விஷயம் உறைச்சது. அதுக்கு முன்னாடி மூணு நாளா அதோட புழுக்கைகள் சின்னச் சின்னதா, ஒண்ணோடொண்ணு முடியால் கோர்த்த மணி மாலை மாதிரி கிடந்தது. அறிகுறி தினமும் என் துடைப்பத்தில்தான் இருந்தது. நான் பார்க்காமல் பெருக்கித் தள்ளிட்டேன்.

முடி மட்டுமா காரணம்?

முயலும் பூனை மாதிரி தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்யும். அப்போது முடி வயிற்றுக்குள் போகும். பூனைக்கு வயிற்றில் முடி சேர்ந்தால் வாந்தி எடுத்து வெளியே தள்ளிவிடும். முயலால் வாந்தி எடுக்கவே முடியாது. உள்ளே போனது பின்பக்கமாகத்தான் வெளியே வர வேண்டும்.

ஆரோக்கியமான முயலின் வயிற்றில் எப்போதும் கொஞ்சம் முடி இருக்கத்தான் செய்யும். குடல் நன்றாக நகர்ந்துகொண்டிருந்தால் அது புழுக்கையோடு வெளியேறிவிடும். குடலின் ஓட்டம் குறையும்போதுதான் சிக்கல். நார்ச்சத்து போதாத தீவனம், தண்ணீர் குறைவு, பல் வலி, பயம், குளிர், ஓட இடமில்லாத கூண்டு என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு. ஓட்டம் குறைந்தால் வயிற்றில் இருப்பதெல்லாம் நீர் வற்றி, முடியோடு சேர்ந்து இறுகிவிடும். முயலுக்கு வலி வரும். வலியால் சாப்பிடாது. சாப்பிடாததால் குடல் இன்னும் மெதுவாகும். இந்தச் சுழல் சில மணி நேரத்திலேயே உயிரைக் குடிக்கக் கூடியது. குடல் தேக்கம் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான்.

அதனால் முடி கொட்டும் காலம் நமக்கு ஓர் எச்சரிக்கை மணி. வழக்கத்தைவிட அதிக முடி உள்ளே போகும் நாட்கள் அவை. குளிர் நாடுகளில் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் முயல்கள் பெரிய அளவில் முடி மாற்றும். நம்ம ஊரில் பகல் நேரம் வருடம் முழுக்கப் பெரிதாக மாறுவதில்லை. அதனால் காலண்டரைப் பார்க்காமல் முயலைப் பாருங்க. தடவினால் கையில் கொத்தாக முடி வருதா? அன்னைக்கே கவனிப்பைக் கூட்டுங்க.

முடி கொட்டும் நாட்களில் என்ன செய்யணும்?

முதலில் சீப்பு. மென்மையான சீப்பால் தினமும் சில நிமிடம் வாருங்க. கையை லேசாக ஈரமாக்கி முதுகில் தடவினாலும் உதிரும் முடி ஒட்டிக்கொண்டு வரும். முயலின் தோல் காகிதம் மாதிரி மெல்லியது. இழுத்துப் பிடுங்க வேண்டாம், கத்தரிக்கோல் வேண்டாம். குளிப்பாட்டவும் வேண்டாம். ஏற்காட்டுக் குளிரில் நனைந்த முயல் சட்டென்று உடல் சூட்டை இழந்துவிடும்.

இரண்டாவது புல். முயலின் சாப்பாட்டில் பெரும்பங்கு புல்லாகவோ காய்ந்த புல்லாகவோ இருக்கணும். தினமும் முயலின் உடம்பு அளவுக்கு ஒரு குவியல் என்று வெச்சுக்கோங்க. அருகம்புல், கினியா புல், கம்பு நேப்பியர் புல் எல்லாம் கொடுக்கலாம். குதிரைமசால், அகத்தி மாதிரியான சத்து மிகுந்த தழைகளை வளர்ந்த முயலுக்கு அளவாக மட்டும். பெல்லட் கொஞ்சம் போதும். கேரட் ஒரு சின்னத் துண்டு, அதுவும் எப்போதாவது. பிஸ்கட், ரொட்டி, சோறு வேண்டவே வேண்டாம். ஆனா தீவனத்தை ஒரே நாளில் மாற்றிடாதீங்க, ஒரு வாரம் பத்து நாள் எடுத்து மெதுவா மாத்துங்க.

நம்ம மலைக்கென்று சில எச்சரிக்கைகள் உண்டு. மழைக் காலத்திலும் மூடுபனியிலும் காய்ந்த புல் பூசணம் பிடிக்கும். வாசனை மாறியிருந்தால் எறிந்துவிடுங்க. எஸ்டேட்டில் களைக்கொல்லியோ பூச்சி மருந்தோ அடித்த இடத்துப் புல்லைத் தொடாதீங்க. வேலியோரம் மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடி முயலுக்கு விஷம். நம்ம தோட்டங்களில் காய்க்கிற பட்டர் ஃப்ரூட் நமக்கு நல்லது, முயலுக்கு ஆபத்து. அதன் பழம், இலை, கொட்டை எதுவும் கூடாது.

மூன்றாவது தண்ணீர். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 50 முதல் 150 மில்லி வரை முயல் குடிக்கும். பாட்டிலைவிடக் கனமான மண் கிண்ணத்தில் வைத்தால் நிறையக் குடிக்கும். குளிர் நாட்களில் ஜில்லென்ற தண்ணீரை மாற்றி, வெதுவெதுப்பாக வைத்துப் பாருங்க.

நான்காவது ஓட்டம். நாள் முழுக்கக் கூண்டில் கிடக்கும் முயலின் குடலும் சோம்பிப் போகும். கதவை அடைத்துவிட்டு, தினமும் சில மணி நேரம் அறைக்குள் ஓட விடுங்க.

புழுக்கையைப் பாருங்க

கேட்கச் சிரிப்பா இருக்கலாம். ஆனா முயலின் உடல்நிலையைத் தினமும் சொல்லும் செய்தித்தாள் அதுதான். நல்ல புழுக்கை உருண்டையா, ஒரே அளவா இருக்கும். உடைச்சா உள்ளே புல் தூள் தெரியும். அளவு சின்னதானாலோ, எண்ணிக்கை குறைந்தாலோ, முடியால் கோர்த்து வந்தாலோ உஷாராகுங்க. திராட்சைக் கொத்து மாதிரி மென்மையாக வரும் இன்னொரு வகையும் உண்டு. அதை முயலே திரும்பச் சாப்பிடும். அது இயல்பு, அதன் மூலமா சத்து கிடைக்குது. அதை வயிற்றுப்போக்குன்னு நினைச்சுப் பயப்பட வேண்டாம்.

கையில்தான் ஸ்மார்ட்போன் இருக்கே. வாரம் ஒரு முறை புழுக்கையை ஒரு ரூபாய் நாணயத்தோடு சேர்த்து ஒரு போட்டோ எடுத்து வையுங்க. அளவு சுருங்குவது கண்ணுக்குத் தெரியும். மருத்துவரிடம் காட்டவும் உதவும்.

எப்போது ஆபத்து?

முயல் 12 மணி நேரம் எதுவும் சாப்பிடாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் அது அவசர நிலை. 12 மணி முடியட்டும்னு கடிகாரம் பார்க்கவும் வேண்டாம். பிடித்த தழையை நீட்டியும் முகத்தைத் திருப்பினால், அப்போதே மருத்துவரைக் கூப்பிடுங்க. குறுகி உட்காருதல், பல்லை நறநறவென்று கடித்தல், வயிறு கல் மாதிரி இருத்தல் அல்லது உப்புதல், காது சில்லிட்டுப் போதல் எல்லாம் தீவிர அறிகுறிகள். முயலின் இயல்பான உடல் வெப்பம் ஏறக்குறைய 101 முதல் 103 டிகிரி ஃபாரன்ஹீட். 100-க்குக் கீழே போனால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

செய்யக் கூடாதவை

மனிதர்களுக்கான மாத்திரை எதுவும் கொடுக்காதீங்க. அமாக்ஸிசிலின் மாதிரியான மருந்துகளை வாய்வழியா கொடுத்தால், முயலின் குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்கள் செத்து, முயலே இறந்துபோகலாம். நாய்க்கு உண்ணிக்காகப் போடும் ஃபிப்ரோனில் மருந்தும் முயலுக்கு ஆகாது. பப்பாளியும் அன்னாசியும் வயிற்றிலிருக்கும் முடியைக் கரைக்கும் என்பது தவறான நம்பிக்கை. அவை முடியைக் கரைப்பதில்லை, சர்க்கரைதான் கூடும்.

இன்னொன்று, வயிறு உப்பிய முயலுக்கு வாயில் சிரிஞ்ச் வைத்துத் தீவனம் திணிக்காதீங்க. குடல் அடைத்திருந்தால் அதுவே உயிருக்கு ஆபத்து. தேக்கமா, அடைப்பா என்பதை மருத்துவர்தான் தொட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் எக்ஸ்ரே எடுத்துச் சொல்ல முடியும்.

மலையிலிருந்து எங்கே போவது?

முதலில் உங்க அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகம். அது திறந்திருக்கும் நேரத்தை இப்போதே கேட்டு போனில் குறித்து வையுங்க. அடுத்து 1962 என்ற கட்டணமில்லா எண். கால்நடைகளுக்கான அவசர மருத்துவ ஊர்திச் சேவை இது. முதன்மையாக ஆடு மாடு வளர்ப்போருக்கானது. அழைத்து விவரம் சொல்லி வழிகாட்டுதல் கேளுங்க, ஆனா வண்டி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்காமல் புறப்படவும் தயாராகுங்க. பெரிய சிகிச்சை தேவைப்பட்டால், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள் நம்ம மாவட்டத்தில் தலைவாசலிலும் பக்கத்தில் நாமக்கல்லிலும் இருக்கு.

முயல் பார்த்துப் பழக்கமுள்ள மருத்துவர் யாருன்னு, முயல் நல்லா இருக்கும்போதே விசாரிச்சு வையுங்க. எல்லா மருத்துவரும் தினமும் முயல் பார்ப்பதில்லை. இதைத்தான் நாங்க பஞ்சுவுக்குப் பிறகு கத்துக்கிட்டோம்.

போன வருஷம் என் தங்கை வளர்க்கும் கறுப்பு முயல் மிளகுக்கு முடி கொட்டிக்கிட்டிருந்த நேரம். ராத்திரி 9 மணிக்குச் சென்னைக்குப் போன் பண்ணினாள். "அக்கா, மிளகு மதியத்திலிருந்து புல்லைத் தொடலை. புழுக்கை சின்னதாயிடுச்சு. போட்டோ அனுப்பியிருக்கேன், பாரு" என்றாள். குரல் நடுங்கியது. ஆனா நான் செய்யாததை அவள் செஞ்சிருந்தாள். பெருக்கித் தள்ளுறதுக்கு முன்னாடி பார்த்திருந்தாள்.

முன்பே குறித்து வைத்திருந்த சேலம் மருத்துவரை அழைத்தோம். "எதையும் திணிக்காதீங்க, சூடு விடாமல் பார்த்துக்கிட்டு உடனே கொண்டு வாங்க" என்றார். வெதுவெதுப்பான தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து, அப்பா வேனை எடுத்தார். 20 கொண்டை ஊசி வளைவு. பெட்டி ஆடாமல் தங்கை மடியில் பிடித்துக்கொண்டாள். வளைவுகளில் சிக்னல் விட்டு விட்டு வந்தது. நான் சென்னையில் போனையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அடைப்பு இல்லை, தேக்கம்தான் என்றார் மருத்துவர். தோலுக்கடியில் திரவம் ஏற்றி, வலி மருந்து கொடுத்து, பிறகு குடல் ஓட்டத்துக்கான மருந்து. அடுத்த நாள் மாலை ஒரே ஒரு புழுக்கை. தங்கை அதைப் போட்டோ எடுத்து வீட்டுக் குழுவில் போட்டாள். அப்பா அதுக்குக் கைகூப்பும் படம் அனுப்பினார்! மூணாம் நாள் மிளகு புல் மென்றது.

கீழே இறங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. கோடையில் மலைக் குளிரிலிருந்து சேலம் வெயிலுக்குள் முயலைக் கொண்டு போகும்போது வெப்பம் தாக்கும். அந்தக் காலத்தில் பாட்டில் சூடு வேண்டாம், காற்றோட்டம்தான் வேண்டும். பூட்டிய காருக்குள் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீங்க.

கடைசியா ஒண்ணு. தோட்ட வேலையில் கிடைக்கும் காட்டு முயல் குட்டியை வீட்டுக்குக் கொண்டு வராதீங்க. அது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காக்கப்படும் உயிர். தாய் பகலில் குட்டியை விட்டு விலகித்தான் இருக்கும், கைவிட்டதாக அர்த்தமில்லை. இருந்த இடத்திலேயே விட்டுடுங்க.

வீட்டுக்குப் போனதும் மூணு வேலை செய்யுங்க. 1962-ஐயும் அருகிலுள்ள மருத்துவர் எண்ணையும் போனில் சேமியுங்க. உங்க முயலைத் தடவி, முடி கொட்டுதான்னு பாருங்க. பெருக்குறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் குனிஞ்சு பாருங்க.

அந்த ஒரு நிமிஷம்தான் பஞ்சுவுக்கு நான் கொடுக்காதது.